இடிதாங்கியின் கேஸ் ஷீட்

இடிதாங்கி படம் வெளியாகிற வாரம் வந்துவிட்டால், எலும்பு முறிவு வார்டுக்கு மாவுக்கட்டுச் சுருள் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்வார் அந்த வார்டின் தலைமை நர்ஸ். மருந்துக் கிடங்குக்காரர் முதல் தடவை காரணம் கேட்டார்.

"மாடியிலேருந்து குதிக்கப் போறாங்க."

"யாரு சிஸ்டர்?"

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்க பாதிப் பேர்."

சொன்னபடியே வந்து சேர்ந்தார்கள். போர்வையைக் கழுத்தில் முடிந்துகொண்டு மாடிப்படியிலிருந்தும் மதில் சுவரிலிருந்தும் குதித்த பிள்ளைகள். வீங்கிய மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தபடி அப்பாக்கள். கூடவே திட்டிக்கொண்டும் அழுதுகொண்டும் அம்மாக்கள். இருபது வருஷத்தில் ஐந்து இடிதாங்கி படங்கள் வந்தன. ஐந்திலும் அவன் மஞ்சளும் நீலமுமான உடையில், வானத்திலிருந்து விழுகிற இடியை உள்ளங்கையில் வாங்கி, உருண்டை பிடித்து, வில்லன் மேல் எறிந்துவிட்டுச் சிரிப்பான். தலைமுடி கலையாது. நகத்தில் அழுக்கு இருக்காது. அவனால் உடைந்த எலும்புகளையெல்லாம் நேராக்கிக் கட்டுப்போட்டது சிஸ்டர்தான். வார்டில் அவருக்கு "மாவுக்கட்டு சிஸ்டர்" என்றே பெயர். டாக்டர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கும் அது தெரியும், கோபமில்லை.

முப்பத்து நாலு வருஷம் அந்த வேலை. அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா படுத்த படுக்கை. தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். தம்பி படிப்பு முடியட்டும், அம்மா உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று கல்யாணப் பேச்சைத் தள்ளித் தள்ளிப் போட்டதில், ஒரு கட்டத்துக்குமேல் கேட்கிறவர்களே இல்லாமல் போனார்கள். அதற்காக யாரையும் அவர் குறை சொன்னதில்லை. அம்மா போனார். தம்பி வேலை கிடைத்து எட்டு மணி நேரப் பயணத் தொலைவில் குடும்பத்தோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் செய்வான். அவன் பேசுகிறபோது பின்னால் டிவி ஓடிக்கொண்டிருக்கும். யாரோ அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "சரிடா, போய்ப் பாரு" என்று முதலில் முடிப்பது எப்போதும் இவர்தான். அவனாக முடித்துவிட்டான் என்று ஆகிவிடக் கூடாதே.

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியிருந்தது. இரண்டாம் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை, நிலைவாசலில் கொஞ்சம் வீங்கி இழுத்துச் சாத்த வேண்டிய கதவு. நாள் முழுவதும் பேசிப் பழகிய வாய் திடீரென்று சும்மா இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பால் பாக்கெட் வாங்கும்போது கடைக்காரரிடம், "இன்னிக்குக் கொஞ்சம் லேட்" என்பார். சில நாட்களில் அந்த மூன்று வார்த்தைதான் அன்றைய பேச்சு.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் சினிமா டைரக்டரும் கதை எழுதுகிறவரும் மாடி ஏறி வந்தார்கள்.

விஷயம் இதுதான். ஐந்தாவது இடிதாங்கி படம் படுத்துவிட்டது. இடிதாங்கி அழுத இடத்தில் தியேட்டரே சிரித்திருக்கிறது. உரிமையை வாங்கிய புதுத் தயாரிப்பாளர், பழைய ஐந்தும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றார். ஆனால் இந்தத் தடவை பாட்டு கிடையாது, பளபளப்பு கிடையாது. நிஜமாகவே ஒரு மனிதன் இப்படி வாழ்ந்தால் எப்படி இருக்கும்? இந்த டைரக்டரின் படங்களில் எப்போதும் மழை பெய்துகொண்டிருக்கும், யாரும் சத்தமாகச் சிரிக்க மாட்டார்கள். அதனால் வேலை அவரிடம் வந்தது. அவர் ஆலோசனைக்காக எலும்பு டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார். டாக்டருக்கு நேரமில்லை. "இதுக்கு நான் எதுக்கு? எங்க மாவுக்கட்டு சிஸ்டரைப் பாருங்க. இருபது வருஷமா இடிதாங்கியைத் திட்டிட்டே இருக்காங்க" என்று முகவரியைக் கொடுத்துவிட்டார்.

சிஸ்டர் வீட்டில் நாற்காலி இரண்டுதான் இருந்தது. வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியைத் துடைத்து எடுத்துவந்து உட்கார்ந்தார். தேநீர்க் கோப்பையும் இரண்டு. அதனால், தான் ஏற்கெனவே குடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

கதை எழுதுகிறவர் நோட்டைத் திறந்தார். மெலிந்த ஆள், கண்ணாடி, மூக்கைச் சொறிந்துகொண்டே பேசுகிற பழக்கம்.

"மூணாவது மாடியிலேருந்து குதிக்கிறான் சிஸ்டர். காலாலதான் இறங்குறான். என்ன ஆகும்?"

"எந்தத் தரை?"

"தார் ரோடு."

"குதிகால் ரெண்டும் நொறுங்கும். எக்ஸ்ரேல பார்த்தா மிதிபட்ட பிஸ்கட் மாதிரி இருக்கும். அதோட நிக்காது. அடி நேரா மேல ஏறும். முழங்கால், இடுப்பு, அப்புறம் முதுகெலும்புக் கோர்வையில ஒரு எலும்பு அமுங்கும். கொஞ்சம் குள்ளமாயிடுவார்."

பேனா நின்றது. "இடிதாங்கி குள்ளமாயிடுவானா?"

"ஒரு தடவையில தெரியாது. நாலஞ்சு தடவை குதிச்சா பழைய பேன்ட் தரையில இழுபடும்."

டைரக்டர் சிரிக்கவில்லை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்புறம்?"

"ஆளை மூஞ்சியில குத்துறார் இல்லையா, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு முதல்ல போகும். எனக்குத் தெரிஞ்சு, சண்டை போட்டுட்டு வர்றவங்கள்ல அடி வாங்கினவர் வாயைப் பிடிச்சிட்டு வருவார், அடிச்சவர் கையைப் பிடிச்சிட்டு வருவார். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அதெல்லாம் இருக்கட்டும். முதல்ல அவருக்குக் காது கேக்காதே" என்றார்.

"காதா?"

"இடியைக் கையில பிடிக்கிறவருக்குச் செவிப்பறை கிழியாம இருக்குமா? முதல் படத்திலேயே போயிருக்கும். நீங்க அஞ்சு படத்துல அவரைப் பாட்டுப் பாட வெச்சீங்க."

"நாங்க இல்ல சிஸ்டர். அது பழைய ஆளுங்க" என்றார் டைரக்டர் அவசரமாக.

பேசுகிறபோது இருவரும் இடிதாங்கியை அவன் இவன் என்றார்கள். சிஸ்டருக்கு அது வரவில்லை. படுக்கையில் கிடப்பவர் திருடனாக இருந்தாலும் அவருக்கு "அவர்"தான்.

வாயால் சொன்னால் ஏதாவது விட்டுப்போகும், எழுதித் தருகிறேன் என்றார். அதற்கு நான்கு நாள் கேட்டார். அந்த நான்கு நாளும் சமையலறை மேடையில் நின்றபடியே எழுதினார், வார்டில் நின்று எழுதிய அதே பழக்கத்தில். வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டையே அச்சாக வரைந்தார். பெயர்: இடிதாங்கி. வயது: நாற்பத்தொன்று. தொழில்: அங்கே கொஞ்சம் யோசித்து, "ஓய்வில்லாத வேலை" என்று போட்டார். தற்போதைய உபாதைகள் ஒன்றரைப் பக்கம் வந்தன. இடது காது முழுச் செவிடு, வலது பாதி. வலது தோள் மூன்று முறை கழன்று பொருத்தப்பட்டது. மழை நாளில் வலி. இடது உள்ளங்கையில் பழைய தீக்காயத் தழும்பு, விரல்களை முழுதாக விரிக்க இயலாது. கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. தூக்கம் குறைவு. பல் இரண்டு இல்லை.

ஐந்தாம் நாள் அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனார். நீள மேஜை, சுவர் முழுக்க ஒட்டிய படங்கள். டைரக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஓரிடம் காலியாக இருந்தது.

"இது என்ன சிஸ்டர், 'உடனிருப்பவர்'? பெயர், உறவுன்னு போட்டு ஒண்ணும் எழுதலையே?"

"அதை நீங்கதான் சொல்லணும். கூட யாரு இருக்காங்க அவருக்கு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரும் இல்ல. தனி ஆளு. அதுதான் இந்தப் படமே. பழைய படத்துல அம்மா, காதலி, நண்பன்னு ஒரு கூட்டமே இருக்கும். அதையெல்லாம் எடுத்துட்டோம்" என்றார் டைரக்டர்.

"எடுத்துட்டா, முதுகுல கத்திக்குத்து விழுதுன்னு சொன்னீங்களே, கட்டு யார் மாத்துவாங்க?"

"அவனேதான்."

"எப்படி?"

கதை எழுதுகிறவர் தன் வலது கையைத் தோளுக்குமேல் வளைத்து முதுகைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கீழ்வழியாக முயன்றார். இரண்டு கையும் எட்டாத இடம் ஒன்று நடுவில் இருந்தது.

"அங்கதான்" என்றார் சிஸ்டர். "எல்லாருக்கும் அந்த இடம் எட்டாது. தோள் கழண்ட ஆளுக்குச் சுத்தமா எட்டாது. நிலைக்கட்டைதான் வழி."

"நிலைக்கட்டையா?"

சிஸ்டர் எழுந்து, அறைக் கதவைச் சுற்றியிருந்த மரச் சட்டத்திடம் போய்க் காட்டினார். பிளாஸ்திரியைப் பிரித்து, பஞ்சை நடுவில் வைத்து, பசை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி நிலைக்கட்டையில் பொருத்த வேண்டும். பின்பக்கத்தில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டால் கொஞ்ச நேரம் நிற்கும், அதிகமானால் வழுக்கிவிடும். சுவர் சரிப்படாது, அகலம். நிலையின் விளிம்புதான் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் போய் அழுத்தும். திரும்பி நின்று, மூச்சை விட்டு, மெதுவாகச் சாய வேண்டும். முதல் தடவை தப்பிப்போகும். ஒரு மூலை எப்போதும் மடிந்துகொள்ளும்.

"மடிஞ்சதை என்ன பண்றது?"

"விட்டுடணும். சரி பண்ணப் போனா மொத்தமா வந்துடும்."

டைரக்டர் மெல்லக் கேட்டார்: "இது உங்களுக்கு எப்படித் தெரியும் சிஸ்டர்?"

"நோயாளிங்க சொல்வாங்க" என்றார் சிஸ்டர்.

அது பொய். இரண்டு வருஷமாக அவருக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. கை தோள் உயரத்துக்குமேல் போகாது. தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதற்கும் காரணம் அதுதான். முதுகில் வலி பிளாஸ்திரி ஒட்டச் சமையலறை நிலைதான் துணை. எத்தனையோ பேருடைய தோளைப் பழையபடி தூக்கவைத்தவர், தன் தோளைக் காட்ட ஒருவரிடமும் போகவில்லை. பழைய வார்டுக்கு நோயாளியாகப் போக மனசு வரவில்லை.

படப்பிடிப்பு தொடங்கியபோது சிஸ்டரைக் கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் கார் நிற்கும். முதல் நாள் ஆறரைக்கே கீழே இறங்கி நின்றார். ஒரு பழைய கிடங்குக்குள் இடிதாங்கியின் வீட்டைக் கட்டியிருந்தார்கள்: ஒற்றைக் கட்டில், ஒரு நாற்காலி, துரு ஏறின குழாய், பச்சைச் சாயம் உரிந்த நிலை. சிஸ்டர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தட்டு ரெண்டு இருக்கு. ஒண்ணை எடுத்துடுங்க. ஒண்ணைக் கழுவிக் கழுவித்தான் சாப்பிடுவார்" என்றார். எடுத்தார்கள்.

இடிதாங்கியாக நடிக்கிறவருக்கு வயது முப்பதுக்குள். பேர்போன நடிகர். உடம்பு கடைந்தெடுத்தது மாதிரி. முதுகில் ஒட்டிய காயத்தோடு நிலையில் சாய்ந்தார். சாய்ந்ததும் கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க ஒரு முனகல் விட்டார். சுற்றியிருந்தவர்கள் பிரமாதம் என்றார்கள். டைரக்டர் மட்டும் சிஸ்டர் பக்கம் திரும்பினார்.

"என்ன சிஸ்டர்?"

"நல்லாதான் இருக்கு" என்று இழுத்தார்.

"பரவால்ல, சொல்லுங்க."

சிஸ்டர் நடிகரைப் பார்த்து, "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முகம் யாருக்கோ காட்டுற மாதிரி இருக்கு" என்றார்.

"வலிச்சா முகம் சுளிக்காதா?"

"சுளிக்கும், பக்கத்துல ஆள் இருந்தா. வார்டுல பார்த்திருக்கேன். கூட இருக்கிறவங்க இருக்கிற வரைக்கும் ஐயோ அம்மான்னு முனகுவாங்க. அவங்க டீ குடிக்க வெளியே போனதும் நின்னுடும். வலி நின்னுதுன்னு இல்ல. கேக்கிறதுக்கு ஆள் இல்லைன்னா யாருக்கு முனகுறது?"

நடிகர் நிலையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், புரிந்துகொண்டார். "அப்போ முகத்துல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. அடுப்பை அணைச்சோமான்னு யோசிக்கிற மாதிரி இருக்கும்."

"ஒரு தடவை செஞ்சு காட்ட முடியுமா?"

சிஸ்டர் மறுத்திருக்கலாம். ஆனால் செய்முறை காட்டிக்காட்டியே வளர்ந்த கை அது, கேட்டவுடன் எழுந்துவிட்டது. பிளாஸ்திரியில் தண்ணீர் தொட்டு ஒட்டினார். திரும்பி நின்றார். பழகிய அந்தச் சின்ன நகர்வோடு, வலது தோளைக் கீழே விட்டு, இடது குதிகாலை லேசாக உயர்த்தி, சாய்ந்தார். பார்வை எதிரே எங்கேயோ போயிற்று. ஒட்டிக்கொண்டதா என்று உடம்பை ஒரு முறை அசைத்துப் பார்த்து விலகினார். மொத்தம் அரை நிமிஷம்.

நிமிர்ந்தபோது நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டுக் கதவை யாரோ அகலத் திறந்து வைத்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. காது மடல் சூடேறியது. "இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால் போய், கம்பிச் சுருள்கள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த டேக்கில் நடிகர் சரியாகச் செய்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. முதல் இரண்டு தடவை பிளாஸ்திரி தவறி விழுந்தது, மூன்றாவது தடவை ஒட்டியது, ஒரு மூலை மடிந்தது. டைரக்டர் "கட்" சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் லைட்காரர் ஒருவர், அறுபதை ஒட்டிய வயது, கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, காகிதக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை.

"நான் சுவத்துலதான் ஒட்டுவேன் சிஸ்டர். பாதி நாள் கோணலாப் போயிடும்" என்றார், கீழே பார்த்தபடி. "நிலைதான் சரி போலிருக்கு."

சிஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். "தண்ணி ரெண்டு சொட்டுதான். அதுக்கு மேல வேண்டாம்" என்றார்.

"சரிங்க" என்றார் லைட்காரர். யாரோ மேலிருந்து கூப்பிட, போய்விட்டார். மறுநாள் சிஸ்டர் அவரைத் தேடினார். வேறொரு படப்பிடிப்புக்கு அனுப்பிவிட்டார்களாம். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றியது. கேட்டால் எதற்கு என்பார்களே என்று விட்டுவிட்டார்.

பதினோரு நாள் போனார். மதியச் சாப்பாட்டுக்குத் தட்டேந்தி வரிசையில் நிற்பது அவருக்குப் பிடித்திருந்தது. முன்னால் நிற்பவர் திரும்பி, "சிஸ்டர், இந்த முழங்கால்ல ஒரு சத்தம் வருது" என்பார். பின்னால் நிற்பவர், "அது வயசுச் சத்தம்டா" என்பார். ஒரு நாளில் ஏழெட்டுப் பேருடைய முழங்காலைப் பார்த்தார். சாயங்காலம் வீடு திரும்பினால் தொண்டை கட்டியிருக்கும். அந்தக் கரகரப்போடு படுப்பது நன்றாக இருந்தது. அந்த ஞாயிறு தம்பியிடம் சொல்லப் பார்த்தார்.

"ஒரு சினிமா ஷூட்டிங்குக்குப் போயிட்டிருக்கேன்டா."

"ஷூட்டிங்கா? யாருக்கு அக்கா அடிபட்டுச்சு?"

"அடியெல்லாம் இல்ல. ஆலோசனை கேக்கிறாங்க. உனக்குத் தெரிஞ்ச படம்தான்..."

"ஒரு நிமிஷம்க்கா... இதோ வர்றேன்னு சொன்னேன்ல... ஆங், சொல்லுக்கா."

"ஒண்ணுமில்லடா. படம் வரட்டும், நீயே பாரு" என்றார். அப்படிச் சொன்னதும் அதுவே நல்ல யோசனையாகத் தோன்றியது. தியேட்டரில் உட்கார்ந்து, திடுக்கிட்டு, ஃபோன் செய்வான்.

பன்னிரண்டாம் நாள் கார் வரவில்லை. அலுவலகத்துப் பெண் ஃபோனில், "உங்க பகுதி முடிஞ்சுது சிஸ்டர். சார் ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார்" என்றாள். சிஸ்டர் கீழே வாசலில் நின்றுகொண்டே அதைக் கேட்டார். பிறகு, வந்ததே வந்தோம் என்று, பால் வாங்கிக்கொண்டு மேலே ஏறினார்.

கேஸ் ஷீட்டின் நகல் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு நாள் எடுத்துப் படித்தபோது, பின்னால் சேர்த்திருந்த தாள்களில் தினசரிக் குறிப்புக்கான கட்டங்கள் காலியாக இருப்பது கண்ணை உறுத்தியது. பேனாவை எடுத்து, "காயம் காய்ந்து வருகிறது. சாப்பிட்டார்" என்று எழுதினார். மறுநாள், "இரவு ஐந்து மணி நேரம் தூங்கினார்." அதற்கடுத்த நாள், "வலது தோள் வலி. மழை." பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் காலையில் பல் விளக்கியதும் மேடையில் நின்று ஒரு வரி எழுதுவது பழக்கமாகிவிட்டது. மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் கட்டங்கள் தீர்ந்துபோயின. புதுத் தாளில் கோடு போட ஸ்கேலை எடுத்தவர், வைத்துவிட்டார். எத்தனை நாள்தான் ஒரு ஆளைப் படுக்கையில் வைத்திருப்பது? குணமாகிவிட்டார் என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில், சொல்பேச்சுக் கேட்காமல் கிளம்பிப் போகிற நோயாளிகளுக்கு எழுதுகிற வாக்கியத்தை எழுதினார்: "மருத்துவ ஆலோசனைக்கு மாறாகத் தம் சொந்தப் பொறுப்பில் வெளியேறினார்." தன்னையறியாமல் சிரிப்பு வந்தது. தாள்களைப் பின் போட்டு அலமாரியில் வைத்தார்.

எட்டு மாதம் கழித்துப் படம் வந்தது. சுவரொட்டிகளில் மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. மழையில் நனைந்த ஒரு ஆள், முகம் பாதி இருட்டு. சிஸ்டர் காலைக் காட்சிக்கு டிக்கெட் வாங்கினார். எத்தனை என்று கேட்டதற்கு ஒரு விரலைக் காட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. இசை இல்லை, குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும். பிளாஸ்திரி முதலில் விழுந்தபோது முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். இரண்டாவது தடவை விழுந்தபோது ஒருவர் சிரித்தார். மூன்றாவது தடவை இடிதாங்கி சாய்ந்து, எதிரே பார்த்தபடி நின்றபோது, நானூறு பேர் இருந்த அரங்கில் ஏசியின் உறுமல் கேட்டது. சிஸ்டர் திரையைப் பார்க்கவில்லை. தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு இருக்கை தள்ளி ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எத்தனை வீட்டில் எத்தனை நிலைக்கட்டையோ என்று நினைத்துக்கொண்டார்.

முடிவில் பெயர்கள் ஓடியபோது எல்லாரும் எழுந்து போக, இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். மருத்துவ ஆலோசனை என்ற இடத்தில் எலும்பு டாக்டரின் பெயர் வந்தது. சிஸ்டர் எழுதிய ஷீட்டில் டாக்டர் கையெழுத்துப் போடுவது முப்பத்து நாலு வருஷ வழக்கம்தான். துடைப்பத்தோடு வந்த பெண், "படம் முடிஞ்சுதும்மா" என்றாள். "தெரியும்மா" என்று எழுந்தார்.

அந்த வாரமே டிவியில் நடிகரின் பேட்டி. எல்லாரும் அந்தப் பிளாஸ்திரிக் காட்சியைத்தான் கேட்டார்கள். நடிகர் தாடியைத் தடவிக்கொண்டு, தனிமை என்றால் என்னவென்று உணர்வதற்காக மூன்று வாரம் ஃபோன்கூட இல்லாமல் ஓர் அறையில் பூட்டிக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். அங்கேதான் அந்த அசைவு தனக்குக் கிடைத்ததாம்.

"மூணு வாரம்" என்றார் சிஸ்டர், டிவியைப் பார்த்து. கையில் இருந்த தேநீர் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே ஃபோனைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டார். பத்து மணிக்கு அடித்தது.

"அக்கா, நேத்து எல்லாரும் இடிதாங்கி போயிருந்தோம்."

"அப்படியா. எப்படிடா இருந்துச்சு?"

"என்னத்தைச் சொல்ல. ஒரே இருட்டு. ஆளு சிரிக்கவே மாட்டேங்கிறான். காது வேற கேக்காதாம். எப்படி இருந்த இடிதாங்கி, அவனைப் போய் இப்படி ஆக்கி வெச்சிருக்கானுங்க. சின்னவ பயந்துபோய் அழ ஆரம்பிச்சுட்டா. இடைவேளையோட கிளம்பி வந்துட்டோம்."

சிஸ்டர் ஃபோனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா. பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சல் வரலையே?"

"அதெல்லாம் இல்ல. ஆமா, நீ ஏதோ ஷூட்டிங்னு சொன்னியே, அது என்ன படம்?"

"அதுவா. அது இன்னும் வரலடா" என்றார் சிஸ்டர்.

அடுத்த வாரம் தலை சீவும்போது சீப்பு கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு உடை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எலும்பு வார்டுப் பக்கம் திரும்பாமல், பின்வாசல் வழியாக நேராக பிசியோதெரபி பிரிவுக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் புதியவர்கள், அவரைத் தெரியாது. சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண், "எத்தனை நாளா வலி?" என்று கேட்டாள்.

"மூணு வருஷமாகப் போகுது."

"இவ்வளவு நாள் ஏன்மா வரலை?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் உள்ளே கைகாட்டினாள்.

உள்ளே நீளமான அறை. உத்தரத்தில் வரிசையாக உருளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு, இரு முனையிலும் மரப்பிடி. கீழே பெஞ்சில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து, ஒரு கையால் கீழே இழுத்து மறு கையை மேலே ஏற்றிக்கொண்டு, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகளைப் பற்றி ஒருத்தி, வாடகை வீட்டுக் குழாயைப் பற்றி இன்னொருத்தி. சிஸ்டர் கடைசி இடத்தில் உட்கார்ந்து பிடியைப் பற்றினார். பக்கத்தில் இருந்த பருமனான பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"புதுசா? எந்தக் கை?"

"வலது."

"எனக்கும் அதேதான். முதல் வாரம் உயிர் போகும், சொல்லிட்டேன்."

சிஸ்டர் இடது கையால் கயிற்றை இழுத்தார். வலது கை தோள் உயரம் வரை வந்து, அங்கே முட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"அம்மா" என்று அவர் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அந்தப் பெண். "இழுங்க, இழுங்க."